பூண்டு வாடை

வண்டு கதவு வழியாக வருகிறது என்று நான் நம்பியிருந்தேன்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பட்டம் வாங்கி, கூட்டுறவுப் பயிற்சி முடித்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்ட பிறகும் அப்படித்தான் நம்பினேன். உளுந்து மூட்டை கிடங்குக்குள் சுத்தமாக வருகிறது, பிறகு வெளியிலிருந்து வண்டு பறந்து வந்து புகுந்துகொள்கிறது, ஆகவே கதவை அடைத்துவிட்டால் கிடங்குக் காப்பாளரின் வேலை முடிந்தது. முதல் கிடங்கில் சேர்ந்த வாரமே கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தேன். சன்னலுக்குக் கொசுவலை அடித்தேன். வாசலில் நாற்காலி போட்டு, கையில் பனைவிசிறியோடு காவல் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் கழித்து மூட்டையைப் பிரித்தால் உளுந்தில் பாதி ஓட்டை. உள்ளேயிருந்து வந்த வண்டுகள் என் செருப்பின் மேல் ஏறி, நான் அடைத்த கதவை நோக்கி வெளியே போய்க்கொண்டிருந்தன.

எங்கள் லோடுமேன்களுக்குத் தலைவர் காளிமுத்து. ஒரு கைப்பிடி உளுந்தை அள்ளி என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"இந்த வெள்ளைப் புள்ளி என்னன்னு நெனச்சீங்க சார்? உளுந்து விபூதி பூசிக்கிட்டு வந்திருக்குன்னா?"

"என்னது அது?"

"முட்டை. வயல்லயே வச்சு அனுப்பிருக்கு. நீங்க வாசல்ல விசிறிக்கிட்டு இருக்கீங்க."

எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஈரம் காயாத வயலில் நிற்கிற நெல்லுக்கு நடுவே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அந்தக் காய் முற்றும்போதே வண்டு வந்து முட்டை வைத்துவிடுகிறது. புழு மணிக்குள் துளைத்து உட்கார்ந்துகொள்கிறது. களத்தில் அடித்துத் தூற்றி, மூட்டை கட்டி, லாரி ஏற்றி, மரியாதையாக நாமே அதைக் கிடங்குக்குள் அழைத்து வருகிறோம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, நஞ்சு குறைந்த முறையில் பயறு வகைகளைப் பாதுகாத்த அனுபவத்தை எழுதித் தரும்படி இளையவர்கள் கேட்டார்கள். கிடங்குகளுக்குக் காற்றுப் புகாத பைகள் வந்துவிட்டனவாம், பழைய முறைகளையும் யாராவது சொல்லி வைக்கட்டும் என்றார்கள். சொல்கிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்லப்போகிறேன். அதை வெட்டிவிட்டு முறைகளை மட்டும் போடலாம் என்று ஆசிரியர் குழுவுக்குத் தோன்றினால், தயவுசெய்து முழுக் கட்டுரையையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முறைகள் கடினமானவை அல்ல. காயவைப்பதுதான் முதல். மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டிக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் காயவில்லை என்று பொருள். சித்திரை வெயிலில் கறுப்புத் தார்ப்பாயில் விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மூடி, நான்கு ஓரத்திலும் மணல் போட்டால், உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். மணிக்குள் இருக்கிற புழுவின் கதை அங்கேயே முடியும். விதைக்கு வைப்பதை வேப்பெண்ணெய் விட்டுப் பிசற வேண்டும். ஒவ்வொரு மணியும் மினுங்கும்வரை பிசறினால்தான் உண்டு. அவசரப்பட்டால் எண்ணெய் கைக்குத்தான் போய்ச்சேரும், உளுந்துக்குப் போகாது. சாப்பாட்டுக்கு உள்ளதை டிரம்மில் கொட்டி, சலித்துக் காயவைத்த மணலை மேலே மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிடலாம். உள்ளே பொரித்த வண்டு மேலே வர முடியாது, வெளியில் இருப்பது கீழே போக முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நாயனம். உடம்பெல்லாம் துளை போட்ட குழாய், அடியில் வழவழப்பான ஒரு கிண்ணம். மூட்டைக்குள் செருகிவிட்டால், காற்றைத் தேடி அலைகிற வண்டு துளை வழியாக நுழைந்து கிண்ணத்தில் விழும். ஏற முடியாது. அதற்குப் புத்தகத்தில் ஏதோ பெரிய பெயர் இருந்தது. காளிமுத்து அதைப் பார்த்த அன்றே நாயனம் என்று வைத்துவிட்டார். காலையில் நான் வந்ததும், "சார், மூணாவது அடுக்கு நாயனத்துல ரெண்டு ஸ்வரம் விழுந்திருக்கு" என்பார். விழுந்த மூட்டையை மட்டும் இழுத்து வெயிலில் போடுவோம். பக்கத்து மூட்டைக்குப் பரவாது. இப்படி ஏழெட்டு வருடம் ஒரு மாத்திரைகூடப் போடாமல் ஓட்டினோம்.

மாத்திரை என்று நான் சொல்வது கிடங்குகளில் வைக்கிற புகை மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் வாயுவாக மாறும். கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி வகுப்பில் நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் அதுதான்: பூண்டு வாடை வந்தால் நிற்காதே, ஓடு.

பிறகு என்னைக் கடைவீதி ஓரத்துப் பழைய கிடங்குக்கு மாற்றினார்கள். காளிமுத்துவும் வந்தார். சேர்ந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கிடங்குக்குள் குப்பென்று பூண்டு வாடை. ஓடினேன். ஒற்றைச் செருப்போடு ஓடினேன். லோடுமேன்களை விரட்டினேன், எதிர் டீக்கடையைக் காலி செய்தேன், பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு கல்யாணக் கோஷ்டியையே பட்டுப்புடவைகளோடு வாய்க்கால் மேட்டில் ஏற்றினேன். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அப்போது கிடங்கை ஒட்டிய வீட்டிலிருந்து ஒரு பெண்மணி அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அதில் அரைத்த பூண்டு.

"என்ன தம்பி, பூண்டுக்கே இந்த ஓட்டமா? நான் இன்னும் இஞ்சியே அரைக்கலியே!"

அவர் மெஹருன்னிசா. தெருவுக்கே அவர் அக்கா முறை, 'லாத்தா' என்றுதான் கூப்பிடும். கணவர் சார்ஜாவில். இவர் வீட்டிலேயே நிக்காஹ், வலிமா விருந்துகளுக்குப் பிரியாணி ஆர்டர் எடுப்பார். அவர் வீட்டுக்கும் எங்கள் கிடங்குக்கும் ஒரே சுவர். அன்று முதல் எனக்கு அந்தத் தெருவில் 'பூண்டு சார்' என்று பெயர். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "பூண்டு சாருக்கு ஒரு டீ, வாடை இல்லாம" என்று குரல் கொடுப்பார். லாத்தாவின் மகள் நஸ்ரின் எனக்குப் 'பூண்டு மாமா' என்று பட்டம் சூட்டினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்க வைப்பது எனக்கும் பிடிக்கும்.

அந்தப் பொதுச்சுவரில், முழங்கால் உயரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எந்தக் காலத்திலோ உத்திரம் செருகிய இடம். அதன் வழியாக வண்டு தன் சமையலுக்கு வருகிறது என்று லாத்தா சண்டை போடுவார், பழந்துணியைச் சுருட்டி அடைத்து வைப்பார். அதைச் செங்கல் வைத்துப் பூசித் தரும்படி எங்கள் கூட்டுறவுச் சங்கச் செயலாளரிடம் மூன்று முறை சொன்னேன்.

செயலாளரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. எல்லாரையும் 'ராஜா' என்பார். கோப்பு நீட்டினால் பேனாவைத் தேடுவார், சட்டைப் பையில் தேடுவார், மேசை இழுப்பறையில் தேடுவார், நாம் நம் பேனாவை நீட்டினால், "இருக்கட்டும் ராஜா, வச்சுட்டுப் போங்க" என்பார். அந்தக் கோப்பு அதோடு சரி. ஓட்டை பற்றி எழுதித் தரட்டுமா என்று நான் கேட்டபோது சொன்னார்:

"எழுதினா நான் பதில் எழுதணும் ராஜா. நீங்க வாயால சொல்லுங்க, நான் காதால வாங்கிக்கிறேன். நடுவுல பேப்பர் எதுக்கு?"

நான் எழுதவில்லை. ஒரு சட்டி சிமெண்டு வேலை, நானே பூசியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டுவதில் நியாயமில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை செயலாளர் திடீரென்று வந்து நின்றார். திங்கட்கிழமை மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். காளிமுத்து நாயனத்தை உருவி, கிண்ணத்தில் விழுந்த வண்டுகளைத் தாளில் தட்டிக்கொண்டிருந்தார். செயலாளரின் கைக்குட்டை மூக்குக்குப் போனது.

"என்ன ராஜா இது, இவ்வளவு வண்டு?"

"பொறியில விழுந்தது சார். ரெண்டு மூட்டைதான். இப்பவே வெளிய இழுத்து முற்றத்துல காயப் போட்டுடறோம்."

"திங்கக்கிழமை அவங்க வரப்ப முற்றத்துல உளுந்து காயணுமா? வடை சுட்டுக் காட்டப் போறீங்களா? எல்லா அடுக்குக்கும் மாத்திரை போட்டுடுங்க."

"சார், சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. வீட்டை ஒட்டி இருக்கற கிடங்குல போடக் கூடாது. போடறதுக்கும் அதுக்குன்னு பயிற்சி வாங்கின ஆளுதான் வரணும்."

"அவங்க வீட்டுப் பூண்டு நம்ம கிடங்குக்குள்ள வருதுல்ல? நாம ஏதாவது கேட்டமா?"

சொல்லிவிட்டு அவரே மெல்லச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை எங்கே கேட்டாலும் சிரித்துவிடுகிற என் வாயை அன்றைக்குத் தைத்துப் போட்டிருக்க வேண்டும். என் சிரிப்பை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று எனக்கும் தெரியும்.

அரை மணி நேரத்தில் அவருடைய ஆள் ஒருவன் மாத்திரை டப்பாக்களோடு வந்தான். காளிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் மூட்டை தூக்க வந்தவன் சார். பாடை தூக்க வரலை."

அவர் வெளியேறிவிட்டார். நான் வெளியேறவில்லை. எனக்கு உத்தியோகம் இருந்தது. அந்த ஆள் அடுக்குகளுக்கு நடுவில் மாத்திரை வைக்க, நான் சுவர் ஓட்டையில் கோணியைத் திணித்து, கோதுமைப் பசை தடவிச் செய்தித்தாளை நாலு அடுக்கு ஒட்டிவிட்டு, லாத்தா வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"லாத்தா, ஒரு வாரம் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுங்க. மாத்திரை போடறாங்க."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"கிடங்குக்கு. வண்டு மாத்திரை. வாடை வந்தா ஆபத்து."

"எப்படி, பூண்டு வாடையா?" லாத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு வலிமா ஆர்டர் தம்பி. அடுப்பைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுப் போகவா? இவளுக்குப் பரிட்சை வேற. போங்க, போய் டீயக் குடிங்க."

நஸ்ரின் பன்னிரண்டாம் வகுப்பு. சுவரை ஒட்டிய அறையில் தரையில் புத்தகத்தைப் பரப்பிக் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "பூண்டு மாமா, இன்னைக்கும் தீயணைப்பு வண்டி வருமா?" என்றாள்.

நான் போய் டீயைக் குடித்தேன்.

பகல் மூன்று மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தெரு முழுக்கப் பூண்டு வாடை. ஓடு என்றது கால். எங்கே, லாத்தா அரைக்கிற பூண்டுக்கா என்றது மண்டை. மறுபடி ஒரு தீயணைப்பு வண்டி, மறுபடி ஒரு கல்யாணக் கோஷ்டி, ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு டீ குடித்த இடத்தில் மூன்று டீ குடித்தேன். வேர்வை கொட்ட, செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் சொன்னார்: "நல்லா விசிறுங்க சார். கரண்டு போய் ஒரு மணி நேரமாச்சு."

கையிலிருந்த தாள் நின்றது. கரண்டு இல்லையென்றால் கிரைண்டர் ஓடாது. கிரைண்டர் ஓடாமல் இந்த வாடை ஏது?

அப்போது ஓடினேன். "பூண்டு சார் கெளம்பிட்டாருடோய்!" என்று பின்னால் ஒரு குரல், அதன் பின்னால் சிரிப்பு. லாத்தா கொல்லைப்புறத்தில் திறந்தவெளி அடுப்பருகே இருந்தார். அவருக்குத் தலைவலி மட்டும். நஸ்ரின் சுவரோரம் வாந்திக்கு நடுவில் சுருண்டு கிடந்தாள். அவள் தலைமாட்டில்தான் அந்த ஓட்டை. நான் ஒட்டிய செய்தித்தாள் பசை காய்ந்து பெயர்ந்திருக்க வேண்டும். தெருமுனையில் உட்கார்ந்திருந்த காளிமுத்து என் அலறலைக் கேட்டு ஓடி வந்து அவளைத் தூக்கினார். லாத்தா கூட ஓடி வந்தார். ஆட்டோவில் அரசு மருத்துவமனை.

இங்கேதான் என் வாழ்நாளின் மிகப் பெரிய முட்டாள்தனம். வாசலில் நர்ஸ் கேட்டார்: "என்னாச்சு?"

மூச்சு வாங்கியது. வாயில் வந்தது இரண்டே சொல். "வண்டு மாத்திரை."

"எத்தனை?"

"தெரியலம்மா. நான் எண்ணலை."

கிடங்கில் வைத்ததை நான் சொன்னேன். பெண் விழுங்கியதாக அவர் எழுதிக்கொண்டார். மாத்திரை என்றால் அடுக்குக்கு நடுவில் வைப்பது எங்களுக்கு, வாயில் போடுவது உலகத்துக்கு. பத்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். கிடங்கு, சுவர், ஓட்டை எல்லாவற்றையும் உளறி முடித்தேன். அவர் புரிந்துகொண்டு சீட்டில் இருந்ததை அடித்துத் திருத்தினார். ஆனால் நர்ஸ் கேட்டதையும் நான் சொன்னதையும் வராந்தாவில் நின்ற எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அதை அடித்துத் திருத்த எந்த டாக்டரிடமும் பேனா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நஸ்ரின் பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகு, செயலாளர் ஆப்பிள் பையோடு வந்தார். என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பொண்ணு மாத்திரையைச் சாப்பிட்டுடுச்சுன்னு தெருவுல பேசிக்கிறாங்க ராஜா. பரிட்சை பயமோ என்னவோ, வயசுப் பொண்ணு. நாம எதுக்கு நடுவுல? நான் சொன்னதா வச்சுக்காதீங்க."

அவரை அங்கேயே அறைந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எழுதுவது சுலபம். அன்று, "சரிங்க சார்" என்றேன். லாத்தா வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தெருவுல கண்டபடி பேசுறாங்க தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." நான் கையை உருவிக்கொண்டு படியிறங்கினேன்.

திங்கட்கிழமை பார்வையிட வந்தவர்கள் பூட்டிய கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைப் பார்த்து, நல்ல பராமரிப்பு என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதற்கு மேல் ஓடவில்லை. இரண்டாவதைப் பாதியில் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் எழுதினேன்: யார் சொன்னார், எத்தனை மணிக்கு, நான் என்ன மறுத்தேன், எப்போது சிரித்தேன், மருத்துவமனையில் என்ன உளறினேன். நகல் எடுத்து டீக்கடையிலும் ஒட்டினேன். அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது. நஞ்சுக்கு அரை மணி, வதந்திக்கு மூன்று நாள். இரண்டிலும் நான் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன்.

விசாரணை நடந்தது. வாய்மொழி உத்தரவுக்கு ஆதாரமில்லை என்றார்கள். காளிமுத்து வந்து சாட்சி சொன்னார். அவர் கோபித்துக்கொண்டு போன ஆள், பகையில் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். செயலாளர் பெரிய ஊருக்குப் பதவி உயர்ந்து போனார். எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது: பொதுச்சுவரில் ஓட்டை இருப்பது தெரிந்தும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கத் தவறியது. நடுவில் பேப்பர் எதுக்கு என்றவரின் அலுவலகத்திலிருந்துதான் அந்தப் பேப்பர் வந்தது. போகுமுன் அவர் ஏதோ ஒரு பேனாவைக் கண்டுபிடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

வாயு அடங்குவதற்கான கெடு முடிந்து, கிடங்கைத் திறந்து காற்றாடவிட்ட பிறகு, காளிமுத்துவும் நானும் ஒவ்வொரு மூட்டையாகச் சலித்தோம். அந்த இரண்டு மூட்டையைத் தவிர வேறு எதிலும் துளை விழுந்த உளுந்து ஒன்றுகூட இல்லை. முற்றத்தில் இரண்டு நாள் வெயில் போதுமாயிருந்த வேலை.

பிறகு சில வருடம் ஓட்டினேன். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். லாத்தா குடும்பம் அந்த வீட்டை விட்டு முத்துப்பேட்டைக்குப் போய்விட்டது. நஸ்ரின் படித்து முடித்து இப்போது பள்ளி ஆசிரியை. போன மாதம் அவளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பழைய தெருவில் விசாரித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர், "அந்த மாத்திரை சாப்பிட்ட பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

அவளிடம் தொலைபேசியில் கேட்டேன், எழுதட்டுமா, பேரை மாற்றிவிடவா என்று.

"என் பேரைப் போட்டே எழுதுங்க மாமா. அவங்க எல்லாம் என் பேரைச் சொல்லித்தானே பேசினாங்க?"

எழுதிவிட்டேன். நஸ்ரின் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை. சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. நாங்கள் வைத்த மாத்திரையின் வாயு அதன் வழியாக அவள் படித்துக்கொண்டிருந்த அறைக்குள் போனது.